ரெண்டு காதுக் கம்ப்யூட்டர்

கோகிலவாணி ஜெயித்தவற்றை வரிசையாகச் சொல்லிவிடலாம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்ற பிறகும் வாரம் மூன்று நாள் கொல்லிமலையிலிருந்து சேந்தமங்கலத்துக்குப் பஸ்ஸில் இறங்கி, பதினான்கு மாதத்தில் தமிழ்த் தட்டச்சை ஜெயித்தாள். காளப்பநாயக்கன்பட்டியில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, அதன் திரையை மடியில் வைத்துக்கொண்டு எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, கீறல் விழாமல் வீடு சேர்த்தாள். பொட்டப்புள்ளைக்கு எதற்குப் பொட்டி என்ற ஊர் வாயை ஜெயித்தாள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு டெலிபோன் லைனில் ஆகாத வேலையை இரண்டு லைனில் ஆக்கிக் காட்டினாள். அதைத்தான் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும்.

2003 ஜூன் மாதம், சேலத்து அச்சகம் ஒன்று பழைய புத்தகங்களைத் தட்டச்சு செய்ய ஆள் தேடியது. காலை ஒன்பது மணிக்கு முப்பது பக்கங்களைப் படமாக இன்டர்நெட்டில் போடுவார்கள். மாலை ஐந்துக்குள் தட்டச்சு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். ஜூலை 3, வியாழக்கிழமை, பரீட்சை நாள். தேறினால் வீட்டிலிருந்தே நிரந்தர வேலை. தேறாவிட்டால் சேலத்தில் தங்கித்தான் வேலை செய்ய வேண்டும். அதற்கு அப்பா மருதாசலம் சம்மதிக்கவே மாட்டார்.

முன்னதாக அச்சகம் முப்பது பக்க மாதிரி ஒன்றை அனுப்பிப் பார்த்தது. முப்பது பக்கமும் ஒரே மூட்டையாக வரும். கம்ப்யூட்டரில் முழுசாக இறங்கினால்தான் பிரிக்க முடியும். போன் லைன் வழியாக அது இறங்க மூன்று மணி நாற்பது நிமிஷம் ஆனது. அவளுக்குப் பக்கத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம் வேண்டும். எப்படிப் பார்த்தாலும் ஐந்து மணிக்குள் இருபத்தொரு பக்கம்தான் முடியும். பக்கங்களைத் தனித்தனியாக அனுப்ப முடியுமா என்று போனில் கேட்டாள். எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் என்று சொல்லிவிட்டார்கள்.

சுவரை ஒட்டிய வீடு சித்தப்பா மாதேஸ்வரனுடையது. அங்கேயும் ஒரு போன் இருந்தது. சித்தி ருக்குமணியிடம் போய்க் கேட்டாள்.

"ஏங்கண்ணு, உன்ர ஊட்டுப் போனு பத்தாதா? நாளைக்கு என்ர அடுப்பையும் கேப்பயாட்ட இருக்குது."

"அடுப்பு வேண்டாஞ் சித்தி. காலையில ரெண்டு மணி நேரம் போனு மட்டும் குடுங்க."

சிரித்துக்கொண்டே சித்தி சம்மதித்தாள்.

மிளகுக் கொடிக்கு ஊற்றுத் தண்ணீர் பத்தாதபோது, மேல் ஊற்றிலிருந்து வரும் ரப்பர் ஓசு, கீழ் ஊற்று ஓசு இரண்டையும் ஒரே குழாயில் சேர்த்துவிடுவது அவர்கள் காட்டு வழக்கம். கோகிலவாணியும் அதையே செய்தாள். சித்தி வீட்டு ஒயரைச் சுவர் ஓட்டை வழியாக இழுத்து, இரண்டு லைனையும் சீவி, முறுக்கி, ஒன்றாகக் கட்டி, கம்ப்யூட்டரில் சொருகினாள். இரண்டு வீட்டுப் போனும் செத்துப்போயின. தன் தம்பியோடு பாதிப் பேச்சில் இருந்த சித்தி, ரிசீவரைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு வந்து நின்றாள்.

மறுநாள் லைன்மேன் ஜீவானந்தம் வந்து முடிச்சைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அம்மிணி, இது தண்ணி ஓசு இல்லீங்க. ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசறதக் கேக்கோணும்னா ரெண்டு காது வேணும். நீங்க ரெண்டு வாயையும் சேத்துக் கட்டிப்போட்டீங்க."

வெட்கத்தில் தலை குனிந்தவள், அவர் முடிச்சை அவிழ்ப்பதற்குள் நிமிர்ந்துவிட்டாள். போன் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைப்பது மோடம். அதுதானே காது? கம்ப்யூட்டருக்கு ஒரு மோடம்தான் இருக்கிறது. இன்னொன்று வைத்தால்?

அன்றைக்கே கீழே இறங்கினாள். கம்ப்யூட்டர் விற்ற சதீஷ்குமார், இப்படி யாரும் கேட்டதில்லை என்று தலையைச் சொறிந்தான். ஆனாலும் பின்பக்கம் சொருக இடம் இருக்கிறது என்று ஒரு மோடம் பெட்டியைக் கொடுத்தான். இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டாள். ஒரே கணக்கில் இரண்டு லைனிலும் ஒரே நேரத்தில் நுழையலாம், தங்கள் பக்கம் தடையில்லை என்றார்கள். கம்ப்யூட்டரில் அதற்கான பக்கம் ஆங்கிலத்தில் இருந்தது. எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு பொத்தானாகத் திறந்து பார்த்து, எது என்ன செய்கிறது என்று நோட்டில் எழுதினாள். பதினோராவது பொத்தானில் கிடைத்தது: 'மல்டிலிங்க்', பல இணைப்பை ஒன்றாக்குவது. சித்தி வீட்டு ஒயரைச் சொருகிய இரண்டாவது மோடத்தை அதில் சேர்த்தாள்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. முதல் மோடம் கீச்சிட்டு அடங்கியது. திரையில் வேகம் 28,800 என்று வந்தது. அடுத்து இரண்டாவது கீச்சிட்டது. எண் மாறியது: 57,600.

கத்த வேண்டும்போல இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் சித்தி தன் போன்மேல் முறத்தைக் கவிழ்த்து, அதன் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மிளகு ஏற்ற லாரிக்குப் பேச வேண்டுமென்று பக்கத்துக் காட்டுக் குழந்தைசாமி வந்தார்.

"பதினொண்ணுக்கு வாங்க. ஒயருக்குள்ள புஸ்தகம் போய்ட்டிருக்குது."

"ஒயருக்குள்ளயா?"

"முப்பது பக்கம். நடுவுல எடுத்தா கிழிஞ்சு போயிரும்."

கிழியாது என்று சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பத்து ஐம்பதுக்கு மூட்டை முழுசாக இறங்கியது. கோகிலவாணி சுவரை மூன்று தட்டுத் தட்டினாள். சித்தி முறத்தை எடுத்தாள். அதற்கப்புறம் தட்டச்சுச் சத்தம்தான். மதியச் சோற்றை அம்மா உருட்டி ஊட்டினாள். பதினாறாம் பக்கத்தில் எழுத்து மங்கல். கூடுதலாக ஏழு நிமிஷம் போனது. இருபத்து மூன்றாம் பக்கம் வெறும் செய்யுள், ஐந்தே நிமிஷத்தில் முடிந்தது. போனதும் வந்ததும் ஈடாயின. நாலு ஐம்பதுக்குக் கடைசிப் புள்ளி வைத்தாள். நாலு ஐம்பத்தாறுக்குச் சேலம் போய்ச் சேர்ந்தது.

ஐந்தரைக்குச் சித்தி வீட்டுப் போன் அடித்தது. அச்சகத்து வித்யாஸ்ரீ மேடம்தான். கோகிலவாணி வீட்டு லைன் இன்னும் கம்ப்யூட்டரிலேயே இருந்ததால் கிடைக்காமல், அவள் கொடுத்திருந்த இந்த எண்ணில் கூப்பிட்டிருக்கிறார். மலையில் இருக்கிறவருக்கு எப்படி இவ்வளவு சீக்கிரம் இறங்கியது என்று கேட்டார்.

"ரெண்டு காது வெச்சேனுங்க," என்றாள் கோகிலவாணி. மேடத்துக்குப் புரியவில்லை. வேலை மட்டும் உறுதியானது.

பதினொரு நாள் கழித்து ஒப்பந்தத் தாள் தபாலில் வந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவளுக்குக் கையெழுத்துக் கேட்கும் தாள் அதுவரை வந்ததில்லை. ரேஷன் கார்டு, போன் விண்ணப்பம் எல்லாம் அப்பா பேரில். மற்றதற்கெல்லாம் அண்ணன் அப்பாசாமிதான். அன்றும் வழக்கம்போல அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"குடுங்கண்ணா. வேலை என்ர வேலை. நானே போடறேன்."

அண்ணன் பேனாவை அவள் கையில் கொடுத்தார். அவள் 'ம. கோகிலவாணி' என்று மெதுவாக, ஒரு சுழியும் விடாமல் எழுதி, கீழே தேதியும் போட்டாள்: 14-7-2003, திங்கட்கிழமை.