வலது கையில்லாத ஆறு வாரம்

சேலையூர் கேம்ப் ரோட்டில் மழைநீர்க் கால்வாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்த மண், ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் ஸ்கூட்டரைச் சாய்த்தது. பெரிய விபத்து என்று சொல்ல முடியாது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் நிறுத்தி, வண்டியைத் தூக்கி ஸ்டாண்டு போட்டுவிட்டு, "எய்ந்திரு சார், கைய மட்டும் ஊணாத" என்றார். அவர் சொல்வதற்கு முன்பே ஊன்றிவிட்டிருந்தேன். வலது மணிக்கட்டு.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "ஆறு வாரம் கட்டு போடணும். என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"சாஃப்ட்வேர் சார். டைப் பண்றதுதான்."

"அப்ப ஆறு வாரம் வேற ஏதாவது பண்ணுங்க."

வலியைப் பற்றியோ ஆபீஸைப் பற்றியோ எனக்குக் கவலை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் என் நிரலின் புதிய பதிப்பை வெளியிட்டிருந்தேன். அதில் பிழை இருந்தால் யார் பார்ப்பார்கள் என்பதுதான் முதலில் தோன்றியது. கட்டிலில் படுத்தபடி இடது கையால் கைபேசியைத் தேடினேன். மனைவி அதை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

அந்த நிரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழை ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு செய்தோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பழைய கோப்பெல்லாம் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எங்கள் பள்ளிவாசலில் அப்படி ஒரு பெட்டி நிறைய சிடிக்கள் கிடந்தன, பழைய அறிவிப்புகள், ரமலான் கால அட்டவணைகள். அவற்றைப் படிக்கும்படி மாற்ற ஒரு சனி ஞாயிறில் சின்னதாக எழுதியதுதான் அது. ஒளித்து வைக்கக் காரணம் எதுவும் இல்லாததால், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் பொதுவில் வைத்தேன். எடுத்துக்கொண்டார்கள். அச்சகங்கள், சிற்றிதழ்கள், ஆய்வேடு எழுதும் மாணவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் நன்றி சொல்லி எழுதியபோது இரண்டு நாள் மிதந்துகொண்டிருந்தேன்.

பிறகு புகார்கள் வந்தன. இந்த எழுத்துரு வேலை செய்யவில்லை, அந்த எழுத்து மாறிவிட்டது, ஏன் இன்னும் பதில் இல்லை. ஏழு வருடம் தனியாளாகப் பதில் சொன்னேன். அக்கா மகள் நிக்காஹில் நால்வராக ஒரே தட்டில் பிரியாணி சாப்பிட உட்கார்ந்து, மற்ற மூவரும் பாதித் தட்டைக் காலி செய்யும் வரை நான் புதுக்கோட்டை அச்சகக்காரர் ஒருவருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். நிரலை வைத்திருந்த இணையதளத்தில் நாம் வேலை செய்த நாளுக்கெல்லாம் ஒரு பச்சைக் கட்டம் விழும். வெறுமையாக ஒரு கட்டம்கூட விடக்கூடாது என்று எனக்கு ஒரு வெறி. நூற்று இரண்டு டிகிரி காய்ச்சலில் ஒருநாள் ஒரு காற்புள்ளியை நீக்கிப் பச்சை வாங்கியிருக்கிறேன். மறுநாள் அந்தக் காற்புள்ளியைத் திரும்பப் போட்டு இன்னொரு பச்சை.

உற்பத்தித்திறன் பற்றிய எல்லா வித்தையையும் அந்த வருடங்களில் செய்து பார்த்தேன். இருபத்தைந்து நிமிடக் கடிகாரம், ஐந்து மணி அலாரம், வண்ண வண்ணமாய்ப் பட்டியல் போடும் நோட்டு. அவை என் வேலையைக் கூட்டினவா என்று தெரியவில்லை. வேலை செய்யாத நேரத்தையெல்லாம் குற்றமாக்கின, அது தெரியும். மேற்குத் தாம்பரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் என் அண்ணன் ஒருமுறை, "நான் ஒம்போது மணிக்கு ஷட்டர இறக்கினா முடிஞ்சுது. உன் கடைக்கு ஷட்டரே கெடையாதாடா?" என்று கேட்டார். கேலியாகச் சொன்னதாக எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டேன்.

கட்டுப் போட்ட நான்காம் நாள் நான் பயந்தது நடந்தது. கைபேசி என் கைக்கு வந்ததும் முதலில் கண்ணில் பட்டது நிரலின் பக்கத்தில் ஒரு அச்சகம் எழுதியிருந்த புகார். என் புதிய பதிப்பில், வரியின் முதல் எழுத்தாகக் கொம்பு வந்தால் அந்தக் கொம்பு காணாமல் போய்விடுகிறது. ஊர்த் திருவிழா நோட்டீஸில் 'மதியம் அனைவருக்கும்' என்று ஒரு வரியும் 'சோறு வழங்கப்படும்' என்று அடுத்த வரியுமாக இருந்தது, 'அனைவருக்கும் சாறு வழங்கப்படும்' என்று அச்சாகிவிட்டது. ஒட்டிய பிறகுதான் பார்த்திருக்கிறார்கள். கீழே இன்னும் மூன்று பேர் 'எங்களுக்கும்' என்று எழுதியிருந்தார்கள்.

மடிக்கணினியைத் திறந்து இடது கையால் ஒவ்வொரு விசையாகத் தேடித் தேடி அடித்தேன். பத்து நிமிடத்தில் இரண்டு வரி. அதிலும் மூன்று பிழை. மனைவி வந்து நின்றாள்.

"அந்தக் கையும் போகணுமா?"

"ஜனங்க தப்புத் தப்பா அச்சடிச்சிட்டு இருக்காங்க."

"அப்ப, என்னால முடியலன்னு சொல்லுங்க. அதக்கூட சொல்லாம இருந்தா அவங்க என்ன பண்ணுவாங்க?"

ஏழு வருடத்தில் அப்படி ஒரு வாக்கியத்தை நான் எங்கும் எழுதியதில்லை. அவள் சொல்லச் சொல்ல எழுதியதுபோல எழுதினேன்: 'கை முறிந்திருக்கிறது. ஆறு வாரம் என்னால் நிரல் எழுத முடியாது. முடிந்தவர்கள் யாராவது சரிசெய்து அனுப்புங்கள்.' அனுப்பிவிட்டு, அவமானப்பட்டவன்போல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் மாலை ஒரு திருத்தம் வந்திருந்தது. அனுப்பியவர் பழைய வாடிக்கையாளர். பெயருக்குப் பக்கத்தில் ஒரு கிளியின் படம் வைத்திருப்பார், பிழையைச் சுருக்கமான ஆங்கிலத்தில் துல்லியமாகச் சொல்வார். வெளிநாட்டில் இருக்கும் பொறியாளர் என்று நானாக முடிவு செய்து வைத்திருந்தேன். வெறும் ஆறு வரி நிரல். அதோடு, கொம்பில் தொடங்கும் சொற்களாகப் பொறுக்கி ஒரு நீண்ட சோதனைப் பட்டியல். கோலம், தேநீர், பொட்டு, சேவல், மோர். இனி எந்தப் பதிப்பு வந்தாலும் இந்தச் சொற்களைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் என்றோ செய்திருக்க வேண்டிய வேலை அது. இடது கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்தி ஏற்றுக்கொண்டேன். நன்றி சொன்னபோது எந்த ஊர் என்று கேட்டேன். 'Tambaram West' என்று பதில் வந்தது.

வேலை செய்யும் கடையின் விலாசத்தைக் கேட்டு வாங்கி, அடுத்த வாரம் மனைவியோடு போனேன். ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. ஜெராக்ஸ், லேமினேஷன், டிடிபி என்று பலகை தொங்கும் கடை. உள்ளே என் வயதொத்த ஒரு பெண், கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் திரையில் அடித்துக்கொண்டிருந்தார். கட்டுப் போட்ட என் கையைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"நீங்கதானா சார் அது? நான் இன்னாமோ அமெரிக்காவுல கீற ஆளுன்னு நெனச்சுகினு இருந்தேன்."

"நானும் உங்கள அப்படித்தான் நினைச்சேன். அந்த இங்கிலீஷ்?"

"அது கம்ப்யூட்டர் மாத்திக் குடுக்குது சார். நான் தமிழ்ல தட்டிட்டு அதுகிட்ட குடுத்துடுவேன்."

பெரும்பாக்கத்தில் வீடு, இரண்டு பிள்ளைகள், இருபது வருடமாக டிடிபி வேலை. பழைய கோப்புகளை என் நிரலில் மாற்றும்போது தப்பாக வரும் சொற்களை ஒரு நோட்டில் குறித்து வந்திருக்கிறார். நோட்டு நிரம்பியதும், ஏன் தப்பாகிறது என்று பார்க்க, வீடியோக்களைப் பார்த்து நிரல் எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறார். நோட்டைக் காட்டினார். அந்தச் சோதனைப் பட்டியல் முழுக்க அதிலிருந்துதான் வந்தது.

"முன்னாடியே திருத்தி அனுப்பியிருக்கலாமே?" என்றேன்.

"நீங்க கேக்கவேயில்லியே சார். எதச் சொன்னாலும் அன்னிக்கே நீங்களே சரி பண்ணிடுவீங்க. நம்ம போய் எதுக்கு நடுவுலன்னு வுட்டுட்டேன்."

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. லேமினேஷன் மிஷினைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நிரலைச் சேர்ந்து பராமரிக்க முடியுமா, எனக்குள்ள எல்லா உரிமையும் உங்களுக்கும் தருகிறேன் என்று கேட்டேன்.

"நான் பன்னெண்டாவதுதான் சார் படிச்சிருக்கேன்."

"நான் பி.இ. படிச்சுட்டுத்தான் சோத்த சாறாக்கினேன்."

அவர் சிரித்துவிட்டு, கொஞ்சம் யோசித்தார். "செய்றேன். ஆனா ஞாயித்துக்கெழம நான் பாக்க மாட்டேன். வூட்ல துணி கீது, பசங்க கீதுங்க. கடை நேரத்துல ஓனர் இல்லாதப்போ பாப்பேன், அவர்கிட்ட சொல்லிட்டுத்தான். அவசரம்னு யாராவது கத்துனா நீங்கதான் பேசணும்."

அவ்வளவு எளிதாக அதைச் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியாது. வேலையை ஏற்றுக்கொண்ட அதே மூச்சில் எதைச் செய்ய மாட்டேன் என்பதையும் சொல்லிவிட்டார். நிரலின் முகப்பில் 'ஞாயிற்றுக்கிழமை பதில் வராது' என்று அங்கேயே அவரை அடிக்கச் சொன்னேன். இன்றுவரை யாரும் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. திருவிழா அச்சகக்காரருக்கு இருவரும் சேர்ந்து மன்னிப்புக் கேட்டு எழுதினோம். ஊர்ப் பசங்க சாறு எங்கே, சாறு எங்கே என்று கேட்டதில் கடைசியில் எலுமிச்சை ஜூஸ் போட்டுக் கொடுத்தார்கள் என்று பதில் எழுதினார்.

அந்தத் தைரியத்தில் இன்னொன்றையும் முடித்துக்கொண்டேன். ஆபீஸ் கேளம்பாக்கம் போகும் வழியில். மூன்று மாதமாக என் மேலாளர், குழுவை நடத்தும் பொறுப்புக்கு வருகிறாயா என்று கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் துறையில் நாற்பதைத் தாண்டியவன் நிரல் எழுதிக்கொண்டிருந்தால், அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்பார்கள். மேலே போக வேண்டும், இல்லையென்றால் வெளியே போக வேண்டும். எனக்கோ ஆள் கணக்கும் மதிப்பெண் போடுவதும் ஆகாது. மாட்டேன் என்றால் அடுத்த ஆட்குறைப்புப் பட்டியலில் என் பெயர் வந்துவிடுமோ என்று பயந்து, 'யோசிக்கிறேன்' என்றே காலம் கடத்தினேன். கட்டோடு வீட்டிலிருந்தபடி போனில் அழைத்தேன்.

"மேடம், எனக்கு அந்த ரோல் வேண்டாம். கோடு எழுதறதுதான் வருது எனக்கு. அதுலயே இருந்துக்கறேன்."



"அப்பாடா," என்றார். "ரெண்டு பேர் அதுக்காகவே காத்துட்டு இருக்காங்க. சீனியர் நீங்க, உங்கள கேக்காம குடுத்தா ஹர்ட் ஆயிடுவீங்களேன்னுதான் வெயிட் பண்ணேன். இத மொதல் மாசமே சொல்லியிருக்கலாமே?"

போனை வைத்துவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று மாதமாகத் தூக்கத்தைக் கெடுத்தது ஒரு நிமிடம்கூடப் பேச்சாக நீடிக்கவில்லை. எல்லா ஆபீஸிலும் இப்படி முடியும் என்று சொல்லமாட்டேன். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த நண்பர்கள் ஒரு மின்னஞ்சலில் வேலையிழந்ததைப் பார்த்திருக்கிறேன். நான் சொல்லக்கூடியது, அந்தப் பயத்தைச் சுமந்து நான் எதையும் தடுத்துவிடவில்லை என்பது மட்டும்தான்.

கட்டுப் பிரித்தபோது கை வெளுத்துச் சூம்பியிருந்தது. வீட்டுக்கு வந்து நிரலின் பக்கத்தைத் திறந்தேன். நாற்பது நாளாக என் கட்டங்கள் எல்லாம் வெறுமை. அவற்றைக் கடந்து கீழே போனேன். புகார்ப் பட்டியலில் ஒன்பது முடிந்திருந்தன, ஒன்றுகூட என்னால் இல்லை. பள்ளியிலிருந்து வந்திருந்த மகள், "அத்தா, கேரம் ஆடலாமா, கைக்கு எக்சர்சைஸ்" என்று கேட்டாள். எல்லாக் காய்களையும் அவளே போட்டாள்.

போன மாதம் புதிய பதிப்பு ஒன்று வெளியானது. குறிப்பை டிடிபி கடை அம்மா தமிழில் எழுதியிருந்தார்: 'முன்பு ஔ வர வேண்டிய இடத்தில் ஒள வந்துகொண்டிருந்தது. சரிசெய்தாயிற்று. பொறுத்துக்கொண்டவர்களுக்கு நன்றி.' அதில் மாற்ற எதுவும் இல்லை. நான் அதைப் பார்த்ததே வெளியாகி மூன்றாம் நாள்தான்.