டேப்பட்டும் அவர் காதும்

கல்யாணத்துக்கு முன்பே என் வீட்டுக்காரரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. பட்டாளத்தில் ஓட்டித் தீர்த்துவிட்டு ஏலத்துக்குத் தள்ளிய பழைய இங்கிலீஷ் வண்டி. அதுதான் மூத்த தாரம், நான் இளைய தாரம் என்று பாலக்கரையில் எங்கள் சந்து முழுக்கக் கேலி பேசும். நானும் சேர்ந்து சிரிப்பேன். வேறென்ன செய்வது? மூத்தவளுக்குத்தான் அடிக்கடி உடம்புக்கு வரும். நான் குத்துக்கல் மாதிரி இருந்தேன், என்னை யார் கவனிப்பார்கள்!

அறுபதுகளின் தொடக்கம் அது. ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். அவருக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை, காலையிலேயே சங்கு ஊதிவிடும். அதனால் விடிந்தும் விடியாமலும் காவிரிப் பாலத்தைத் தாண்டி என்னை இறக்கிவிட்டுவிட்டு ஓடுவார். பள்ளிக்கூடக் கதவு திறக்கும்வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருப்பேன்.

அவர் வேலையைச் சொல்லிவிட வேண்டும். ரயில் எஞ்சினின் பாய்லருக்குள் உள்சுவர், வெளிச்சுவர் என்று இரண்டு உண்டாம். இரண்டையும் நூற்றுக்கணக்கான இரும்புத் தண்டுகள் பிடித்துக்கொண்டிருக்கும். பழுது பார்க்க வரும் எஞ்சினில் அந்தத் தண்டுகளைச் சிறு சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். நல்ல தண்டு கணீரென்று பேசும். உடைந்தது சொத்தென்று இருக்கும். அவர் சரி என்று சொன்னால்தான் எஞ்சின் மறுபடி தண்டவாளம் ஏறும். "என் காதை நம்பித்தான் ஊரே ரயில் ஏறுது டீச்சரம்மா" என்பார். என்னை அப்படித்தான் கூப்பிடுவார். பெருமை பீற்றிக்கொள்ளாதீங்க என்று சொல்வேனே தவிர, எனக்கும் அதில் பெருமைதான்.

வண்டியிலும் அதே கதைதான். எஞ்சினுக்குள் வால்வு என்று இரண்டு இருக்கின்றன, ஒன்று பெட்ரோல் புகையை உள்ளே விட, இன்னொன்று எரிந்ததை வெளியே தள்ள. அவற்றைத் திறந்து மூடும் நெம்புகோலுக்கும் வால்வுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி வேண்டும். குறைந்தால் வால்வு சரியாக மூடாமல் கருகிப்போகும். கூடினால் டக் டக் என்று அடித்துக்கொள்ளும். இதைத்தான் டேப்பட் வைப்பது என்பார்கள். எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போதுதான் வைக்க வேண்டும். அதற்காகவே ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் தொடாமல் மாதா கோயிலுக்கு நடந்து போவோம். பூசை முடிந்து வந்ததும் பட்டுச்சேலையை மாற்றிவிட்டு நான் ஸ்பேனர் எடுத்துக்கொடுக்க உட்காருவேன். காபிகூட அப்புறம்தான்.

மற்றவர்கள் அந்த இடைவெளியில் மெல்லிய எஃகுத் தகட்டைச் செருகி அளப்பார்கள். ஃபீலர் கேஜ் என்று பெயர். இவருக்கு அது ஆகாது. கிக்கரை மெல்ல அமுக்கி, இரண்டு வால்வும் மூடிய நிலைக்குக் கொண்டுவருவார். ஸ்குரூ டிரைவர் நுனியால் நெம்புகோலை டிக் டிக்கென்று தட்டிக்கொண்டே திருகை முடுக்குவார். அந்த டிக் மங்கி அடங்கும் இடத்தில் நிறுத்தி நட்டை இறுக்குவார். பாய்லர் மாதிரியேதான், தட்டுவதும் கேட்பதும். பல வருஷமாக அது தப்பியதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையை முடித்து வண்டியைக் கிளப்பினார். "பாத்தியா, பூனை மாதிரி இருக்கு!" என்றார்.

எனக்கோ டக் டக் டக் என்று அம்மி கொத்துவது மாதிரி கேட்டது. ஏதோ விளையாடுகிறார் என்று நினைத்து, "ஆமா, சலங்கை கட்டின பூனை" என்றேன். அவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் ஸ்ரீரங்கத்தில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் சக டீச்சர் பிடித்துக்கொண்டாள். "ஏன்டி, உங்காத்துக்காரர் வண்டிக்கு என்ன வந்துது? மொட்டைக் கோபுரத்தண்டை வரச்சேயே எங்காத்துல கேக்கறதே. பெருமாள் சேவிக்கப் போறவா எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்க்கறா!"

ஊருக்கே கேட்கிற சத்தம், மேலே உட்கார்ந்து ஓட்டுகிற மனுஷனுக்குக் கேட்கவில்லையா?

அன்று சாயங்காலம் அவர் முதுகுப் பக்கம் நின்று, மெதுவாக, "வஞ்சிரம் வாங்கியிருக்கேன், குழம்பா, வறுவலா?" என்று கேட்டேன். பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார். மறுபடி கேட்டேன். அசையவில்லை. மீன் என்றால் தூக்கத்தில்கூடப் பதில் சொல்கிற ஆள்! அடுப்படிக்குப் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். எனக்கு வகுப்பறைத் தொண்டை, வீட்டிலும் கத்தித்தான் பேசுவேன். அவர்கள் ஒர்க்‌ஷாப்பிலோ இரும்படிக்கிற இரைச்சலில் எல்லோருமே கத்துவார்கள். அதனால் எங்கள் யாருக்குமே தெரியவில்லை. ஏன், அவருக்கே தெரியவில்லை. சத்தம் நின்றுபோனால் அதைத் தன் கைத்திறமை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார், பாவம்.

உங்களுக்குக் காது மந்தம் என்று நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் காதுதானே அவருக்குப் பேர், சோறு எல்லாம். தெருமுனை மெக்கானிக்கிடம் ஃபீலர் கேஜை இரவல் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடியட்டும் என்று காத்திருந்தேன். அந்த வாரம் பூரா எனக்குச் சோறு இறங்கவில்லை.

"இன்னிக்கு நான் அளக்கறேன், நீங்க பாருங்க" என்றேன்.

"அட, டீச்சரம்மா மெக்கானிக் ஆயிட்டாங்களா!" என்று மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.

அளவுக்கான தகட்டைச் செருகினேன். லொடலொடவென்று ஆடியது. இன்னொன்று சேர்த்துச் செருகினேன். அதுவும் தாராளமாகப் போனது. மூன்றாவதையும் சேர்த்த பிறகுதான் கொஞ்சம் பிடித்தது. அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. ஸ்குரூ டிரைவரை எடுத்து நெம்புகோலைத் தட்டினார். குனிந்து, காதைப் பக்கத்தில் வைத்து, மறுபடி தட்டினார்.

"உனக்குக் கேக்குதா?"

"கேக்குதுங்க."

"இப்ப?"

"நல்லாவே கேக்குது."

கீழே உட்கார்ந்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேலை போய்விடுமே என்றுதான் நான் பயந்தேன், பொய் சொல்வானேன். அவர் அதை நினைக்கவே இல்லை. "நான் சரின்னு சொல்லி அனுப்பின எஞ்சின் எல்லாம் ஓடிக்கிட்டு இருக்கே புள்ள. டிரைவரு, ஃபயர்மேன் எல்லாம் அந்த பாய்லர் பக்கத்துலதானே நிக்கிறான்" என்றார். அன்று எவ்வளவு கெஞ்சியும் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை என்னை ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுபோய் விடவில்லை. நான் பஸ்ஸில் போனேன். அவர் சங்கு ஊதும் முன்பே ஒர்க்‌ஷாப்புக்குப் போய் ஃபோர்மேனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். ஃபோர்மேன் நல்ல மனுஷர். இதை யாரிடமும் சொல்லாமல் ஓய்வு பெறும்வரை ஓட்டிவிடலாமே என்றுகூடச் சொன்னாராம். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. தான் தட்டிய எஞ்சின்களை எல்லாம் திரும்ப வரவழைத்து, வேறொருவர் தட்டிப் பார்த்தே ஆக வேண்டும் என்று நின்றார். ஒவ்வொன்றாக வந்தன. இவரும் கூடவே நின்றிருக்கிறார், தட்டுகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

"ஒண்ணு இருந்துச்சு" என்றார். "உடைஞ்ச தண்டு. நான் சரின்னு சொன்ன பாய்லர்ல. இன்னிக்குத்தான் கண்டுபிடிச்சாங்க."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"ஆகல. கழட்டி மாத்தறாங்க." செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "திங்கக்கிழமையிலேருந்து எனக்கு டூல் ரூம். சுத்தியலை எடுத்துக் கொடுத்து, வாங்கி வைக்கணும்."

பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் தலையைச் சாய்த்து, "நீங்க சொன்னதாலதான் யாரு வீட்லயும் இழவு விழல. உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு நான் கொடுத்து வச்சிருக்கணும்" என்றேன். அழுகையில் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவர் என் பக்கம் திரும்பினார். காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, "கேக்கலம்மா, கொஞ்சம் சத்தமாச் சொல்லு" என்றார்.

தெருவே கேட்கிற மாதிரி மறுபடியும் சொன்னேன்.