தண்டவாளத்துக்குக் கீழே ஒரு டிக்கெட் ஜன்னல்

அடுத்தவர் செய்யும் தப்பை அளவு பிசகாமல் அழகாக வரைந்து கொடுப்பதற்குப் பெயர்தான் டிரேசர் உத்தியோகம். மேலதிகாரி பென்சிலில் கிறுக்கியதை டிரேசிங் துணியில் கறுப்பு மையால் படியெடுப்போம். ஏன் என்று கேட்கமாட்டோம். ஆபீசில் வாயை மூடிக்கொண்டு சம்பளம் வாங்கிய உங்களுக்கெல்லாம் இது நன்றாகப் புரியும்.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. ராயபுரத்துக்கு வடக்கே ஒரு ஸ்டேஷன். பெயர் வேண்டாம், இன்னும் பென்ஷன் வாங்குகிறேன். கிழக்கே மீனவர் குப்பம், மேற்கே தொழிற்சாலைகள், நடுவே தண்டவாளம். கேட் மூடினால் அரை மணி நிற்க வேண்டும். லண்டன் போய்வந்த எங்கள் பெரிய என்ஜினீயர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பூமிக்கடியில் டிக்கெட் ஜன்னல், வெள்ளை ஓடு பதித்த சுவர், அங்கிருந்து பிளாட்பாரத்துக்கும் அந்தப் பக்கத்துத் தெருவுக்கும் படி. கேட் இருந்த இடத்தில் சுவர் எழுப்பிவிடுவது.

*சித்திரையில் தோண்டிய குழி*

மண் பார்க்க ஓவர்சியரோடு என்னையும் அனுப்பினார்கள். நல்ல கத்திரி வெயில். ஆறடி தோண்டியும் ஈரம் மட்டும்தான் தெரிந்தது. மீன் விற்றுத் திரும்பிய அஞ்சலை என்ற பெண் கூடையை இறக்கிவிட்டுக் குழியை எட்டிப் பார்த்தாள். "இப்ப தோண்டி இன்னா பாக்கற? ஐப்பசில வந்து பாரு, இடுப்பளவு தண்ணி நிக்கும்" என்றாள்.

அதை அப்படியே குறிப்பில் எழுதிவைத்தேன். என்ஜினீயர் பெரியவர் சிவப்புப் பென்சிலால் ஒரே கோடாக அடித்தார். "மீன்காரியைச் சாட்சிக்கு வச்சுக்கிட்டா நான் ஸ்டேஷன் கட்டணும்?"

*பழைய கட்டு*

ரிக்கார்டு ரூமில் வேறு எதையோ தேடியபோது வெள்ளைக்காரன் காலத்துக் காகிதக் கட்டு ஒன்று கிடைத்தது. அதே இடத்தில், அதே சுரங்கம்! எவனோ வரைந்திருக்கிறான். அவன் அதிகாரி குறுக்கே கோடு போட்டு, மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பிழைத்தோம் என்று அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பெரியவர் சொன்ன பதிலுக்கு ஹால் முழுக்கச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. அவர் சொன்னது இதுதான்: "வெள்ளைக்காரனால முடியலேன்னா நம்மால முடியாதா? உனக்குத் தேசாபிமானமே கிடையாதாய்யா?"

*உத்தரம்*

உள்ளூர அவருக்கும் பயம் இருந்திருக்க வேண்டும். வேலை பாதியில் இருக்கும்போது, சுரங்கத்தின் தரையை ஒன்றரை அடி உயர்த்தச் சொன்னார். கூரையை உயர்த்த முடியாது, மேலே ரயில் போகிறது. நான் வரைந்தேன், கட்டினார்கள், மாலை போட்டுத் திறந்தார்கள்.

மறுநாள் காலை, ஓவர்சியர் கண்ணெதிரே, அஞ்சலையும் நாலைந்து பெண்களும் இறங்கினார்கள். முதல் உத்தரத்திலேயே கூடை இடித்துச் சங்கரா மீன் படியெல்லாம் சிதறியது. டிக்கெட் கிளார்க் ஜன்னலுக்குள்ளிருந்தே, "குனிஞ்சு போம்மா" என்றார். அவள் மீனைப் பொறுக்கிக்கொண்டே நிமிர்ந்தாள். "நான் குனியறேன் நைனா, கூட எப்டி குனியும்?"

*காசிம் பாய்*

ஐப்பசி வந்தது. அவள் சொன்ன இடுப்பளவு தண்ணீரும் வந்தது. டிக்கெட் ஜன்னலைச் சாத்திவிட்டு கிளார்க் மேலே வந்துவிட்டார். கேட் இருந்த இடத்தில் சுவர். ஜனங்கள் என்ன செய்வார்கள்? சுவர் முடிகிற வளைவில் தண்டவாளத்தைத் தாண்டினார்கள். தோல் ஷெட்டில் வேலை பார்த்த காசிம் பாயும் வேலைக்குச் சங்கு ஊதிவிட்டதே என்று தாண்டினார். வளைவில் வந்த கூட்ஸ் வண்டி தெரியவில்லை. இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

விசாரணைக்காக விபத்து நடந்த இடத்தை வரையச் சொன்னார்கள். 'அத்துமீறி நுழைந்தவர்' என்று எழுத வேண்டுமாம். அதை எழுதவில்லை. சுரங்கத்தையும் சேர்த்து வரைந்து, அதற்குள் 'இடுப்பளவு தண்ணீர்' என்று எழுதினேன். பிளேடால் சுரண்டு என்றார் பெரியவர். "மாட்டேன் சார்" என்றேன். பதினாறு வருஷ சர்வீஸில் முதல் தடவை. சாயங்காலத்துக்குள் மாற்றல் உத்தரவு வந்தது.

ஊரைவிட்டுப் போகுமுன் ஆஸ்பத்திரிக்குப் போய், அந்தச் சுரங்கத்தை வரைந்தவன் நான்தான் என்று காசிம் பாயிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்தார். "நீ வரஞ்ச, சரி. ஒரு தபா எறங்கி நடந்து பாத்தியா?"

*சுவர்*

பிறகு நடந்ததை ஓவர்சியர் வந்து சொன்னார். அந்த வாரமே, பட்டப்பகலில், குப்பத்துப் பெண்கள் கடப்பாரையோடு வந்து சுவரை இடித்துத் தள்ளினார்களாம். வேறு வழியில்லாமல் கேட்டைத் திரும்பவும் போட்டார்கள். மழையில் இடிந்ததாக ஃபைலை முடிக்க ஒரு வாக்குமூலம் வேண்டியிருந்தது. ஓவர்சியர் அஞ்சலையிடம் போய்க் கேட்டிருக்கிறார். "ஆமாபா, மழதான் இடிச்சுது. நாங்க சும்மா கூட நின்னுகினு இருந்தோம்."

அந்தச் சுரங்கத்தை இப்போது மண் கொட்டி மூடிவிட்டார்களாம். அதற்கும் எவனோ ஒரு டிரேசர் கோணல் இல்லாமல் பிளான் போட்டுக் கொடுத்திருப்பான்.