சாணிக்கு மானியம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு சாணிக் குழி ஓரத்தில் நின்றேன். சிரிக்காதீர்கள்... அரசாங்க விஷயம்!

ரேவதி எங்கள் குடும்ப நண்பர். ஃப்ரீமாண்ட்டில் சிப் டிசைன் பண்ணிக்கொண்டிருந்தவர். கம்பெனி ஆளைக் குறைத்தபோது வேறு வேலை தேடவில்லை. லிவர்மோர் மலையைத் தாண்டி ஒரு மாட்டுப் பண்ணையை வாங்கினார். பக்கத்து ஊரான டப்ளினில், இந்தியக் கடைகளில் இப்போது அவருடைய தயிர்தான்.

ஆனால் இந்த வருஷம் கலிஃபோர்னியாவில் கரண்ட் இருக்கிற லட்சணம்தான் தெரியுமே! இரண்டு முறை போனது. குளிர் அறை நின்று, தயிர் மொத்தமும் புளித்தது. இன்னொரு முறை என்றால் கடைக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

அப்போதுதான், பண்ணைச் சாணத்திலிருந்து கரண்ட் தயாரித்தால் மாநில அரசு மானியம் தரும் என்று தெரிந்தது. ரேவதி அப்ளை பண்ணினார். பார்வையிட அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது.

"அண்ணா, நெர்வஸா இருக்கு. சும்மா வந்து பக்கத்துல நில்லுங்களேன்."

நின்றேன். அதுதான் தப்பு.

அதிகாரி — பளபள ஷூ, டை — நேராக வந்து என் கையைக் குலுக்கினார். "ஒரு மாடு தினமும் எவ்வளவு சாணி போடும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். என்னை! நான் இன்ஷூரன்ஸ் விற்கிறவன். பதிலை ரேவதி சொன்னார். அதிகாரியோ என் முகத்தைப் பார்த்தபடி எழுதிக்கொண்டார்.

"ஜெனரேட்டர் டிசைன் யாருடையது?"

மறுபடியும் என்னிடம். நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன். தெரியாத விஷயத்துக்குத் தலையாட்டுவது ஆண்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது?

ரேவதியின் முகம் சிவந்தது.

"அண்ணா, கொஞ்சம் அந்தப் பக்கம் போய் மாட்டைப் பாருங்க."

போனேன். தூரத்திலிருந்து பார்த்தேன். தன் டிசைனை அதிகாரியின் கார் பானெட் மேல் விரித்தார் ரேவதி. "இது நான் போட்டது. என்னைக் கேளுங்க" என்று ஆங்கிலத்தில் அதட்டியது எனக்கே கேட்டது. முதலில் அதிகாரியின் பேனா நின்றது. பிறகு டை கழன்றது. அரை மணி நேரத்தில் அந்தப் பளபள ஷூவோடு குழிக்குள் எட்டிப் பார்த்து, ரேவதியிடம் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தார்.

நேற்று ரேவதியிடமிருந்து போன். மானியம் கிடைத்துவிட்டது. ஆனால் மெஷினைக் கட்டி, ஓட்டிக் காட்டிய பிறகுதான் பணம் வருமாம். அதுவும் தவணை தவணையாக.

"அதுவரைக்கும் என்ன பண்ணுவே?"

"பேங்க்ல லோன் கேட்டிருக்கேன். கட்டிடுவேன் அண்ணா. மாடுங்க ஒரு நாளும் பாக்கி வைக்கிறதில்லையே!"

வாஸ்தவம். மாடு சட்டென்று போட்டுவிடுகிறது. அரசாங்கம்தான் முக்குகிறது!