தலைவலியும் வாசல் வேப்பந்தழையும்

அந்த மாசி மாதத்தை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது, கிணற்றடி உருளையின் சத்தம் நின்றுபோனதுதான். விடியற்காலையில் என் கணவர் கவலை ஏற்றம் ஓட்டுவார். எருதுகள் வடத்தை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்க, சால் நிறையத் தண்ணீர் மேலே வரும். உருளை கிரீச்சிடும். அந்தச் சத்தம் காதில் விழுந்தால்தான் எனக்கு அடுப்பு பற்றவைக்கக் கை வரும். அன்றைக்குச் சத்தமே இல்லை. கிணற்றில் விழுந்துவிட்டார் என்றே முடிவு கட்டிக்கொண்டு ஓடினேன்.

அவர் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எருதுகளின் பின்னால் நடந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்க, சத்தத்தையே காணமுங்க?"

"அது மண்டையில ஆணி அடிக்குது புள்ள. உருளைக்கு வெளக்கெண்ணெய ஊத்திப்போட்டேன். நீ எதுக்கு இப்படி ஓடியாறே, நான் செத்துப் போயிட்டனா?"

கஞ்சாவை அவர் விட்டு அப்போது சில நாட்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் ஊர் தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரம். வெள்ளியங்கிரி ஏற வரும் சாமியார்களோடு உட்கார்ந்து பழகிய பழக்கம் அது. விடிகாலைக் குளிருக்கு நல்லது என்று தொடங்கி, பொழுது சாய்ந்தால் புளியமரத்தடியில் கூட்டாளிகளோடு சிலும்பி பிடிப்பது வரை வந்துவிட்டது. முந்தின கோடையில் வெக்கை நோய் வந்து ஊரில் பாதி மாடுகள் செத்தன. எங்கள் எருதுகள் இரண்டும் பிழைத்தன. அதற்காக மாரியம்மனுக்குப் பூவோடு எடுப்பதாக, நெருப்புச் சட்டியைக் கையில் ஏந்தி ஊரைச் சுற்றி வருவதாக, வேண்டிக்கொண்டார். கோயில் முன்னால் கம்பம் நட்டது முதல் அதைப் பிடுங்கும் வரை பூவோடு எடுப்பவர் சுத்தமாக இருக்க வேண்டும். இடையில் ஒரு இழுப்பு இழுத்தாலும் சட்டியைத் தொடக்கூடாது. வேண்டுதல் தவறினால் எருதுகளுக்கு என்ன ஆகுமோ என்ற பயம் அவருக்கு. அவருக்கே என்ன ஆகுமோ என்ற பயம் எனக்கு.

மறுநாள் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. நெற்றியைத் தண்ணீர்ப் பானையோடு ஒட்டவைத்துக்கொண்டு கிடந்தார். வாந்தி எடுத்தார். தொட்டால் உடம்பு கதகதவென்று இருப்பதுபோல் எனக்குத் தோன்றியது. சுக்கை உரசிப் பத்துப் போட்டேன். கஞ்சாவை விட்டால் தலைவலி வரும் என்று எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். முடித்திருந்தாலும் அதையா சொல்லிக்கொடுத்திருக்கப் போகிறார்கள்.

அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்த பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்.

"அம்மணி, கம்பம் நட்ட ஊர்ல தலவலி, காச்சலுன்னா வேறென்ன? அம்மா வந்திருக்கா. மொதல்ல அந்தப் பத்தைத் தொடச்சுப்போடு. அவ மேல மருந்து போடுவாங்களா?"

அம்மா வந்திருக்கிறாள் என்றால் அம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம். பத்தைத் துடைத்தேன். வாசலில் வேப்பந்தழை கட்டினேன். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்.

சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் கூட்டாளிகளின் குரல் கேட்டது. "ஏனுங் மச்சான், தலவலியாமா? ஒரே ஒரு இழுப்புல சரியாப் போயிருமுங்க. நாங்களே கொண்டாந்திருக்கறோம்." படலைத் திறக்கிற சத்தமும் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். தழையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, வந்த வழியே வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

உள்ளே இவர் சிரித்தார். சிரித்ததில் வலி கூடி, தலையைப் பிடித்துக்கொண்டார்.

"இது அம்மா இல்ல புள்ள. அத உட்டா மண்டை இப்படித்தான் இடிக்கும். ஐப்பசியிலயே உட்டுப் பாத்தேன். அவனுக வந்து நின்னதும் எந்திரிச்சுப் போயிட்டேன்."

"அப்பப் பத்தைப் போடறனுங்க."

"வேண்டாம். பத்துப் போட்டாத் தழைய அவுக்கோணும். அவுத்தா அவனுக உள்ள வந்துருவானுக. தலவலிய நான் பாத்துக்கறேன். அவனுகள அவ பாத்துக்கட்டும்."

"சாமி பேர்ல பொய்யாயிருமுங்களே."

"சொன்னது அந்த அக்கா. கட்டுனது நீயி. நான் சும்மா படுத்துக் கெடக்கறேன்."

அந்தப் படுக்கையில் அவர் பட்டதை நான் பார்த்தேன். பல்லைக் கடித்ததில் தாடை வீங்கியிருந்தது. ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அம்மைக்குச் செய்கிற உபசாரமெல்லாம் நடந்தது. இருட்டறை, மோர், இளநீர், வேப்பங்கொத்து விசிறல். யாரும் உரக்கப் பேசாதபடி அந்த அக்கா காவல் இருந்தார். நோய் வேறாக இருந்தாலும் அந்தத் தலை கேட்டதும் இதையெல்லாம்தான் போலிருக்கிறது. வலி மெள்ள இறங்கியது. ஒருநாள் அவராகவே, "கொஞ்சம் கம்பங்கூழு ஊத்து புள்ள" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அக்கா அம்மைக் கொப்புளம் தேடி அவர் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு முத்தையும் காணமே."

"எனக்கு உள்ளயே வெளையாடிட்டுப் போயிட்டாளாட்ட இருக்குதுங்க்கா," என்றார் இவர், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றினோம். பூவோட்டு அன்றைக்கு, தழை பரப்பிய கைகளில் எரிகிற சட்டியை ஏந்திக்கொண்டு அவர் வந்தார். அந்த அனலில் தலைவலி திரும்பிவிடுமோ என்று நான் கூடவே நடந்தேன். அவர் கண் தெளிந்திருந்தது. அத்தனை தெளிவாக அந்தக் கண்ணை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்டாயிற்று. விரதம் முடிந்தது. வாடிய தழையை அவிழ்க்கப் போனேன்.

"அது இருக்கட்டும் புள்ள," என்றார்.

அதன்பின் அடியோடு விட்டாரா என்றால், இல்லை. அறுப்பு முடிந்ததும் கூட்டாளிகளோடு போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். ஆனால் மறுபடி விட்டார். மறுபடியும் அதே இடி. ஒவ்வொரு முறையும் அவரே வேம்பில் ஏறித் தழை ஒடித்து வந்து வாசலில் கட்டிவிட்டுப் படுத்துக்கொள்வார். நான் மோர் கரைப்பேன். போகப்போகத் தழை கட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

அந்த அக்காவுக்கு மட்டும் கடைசி வரை ஓர் ஆதங்கம் இருந்தது. "எங்க ஊட்டுக்கெல்லாம் அம்மா எட்டிக்கூடப் பாக்க மாட்டேங்கறா. உங்க ஊட்டுக்காரர் மேலதான் அவளுக்கு அத்தனை பிரியம்," என்பார்.

"ஆமாங்க்கா," என்பேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.