கடைமடையில் பத்தாவது கல்

ஒன்பது கருங்கற்கள் எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரில் வரிசையாகச் சாய்ந்து நின்ற நாட்கள் முழுக்க என் மனைவி அந்தப் பக்கம் துணி காயப்போடவில்லை. இடுப்பு உயரக் கற்கள். ஒவ்வொன்றிலும் மேலே ஓர் எண், அதன் கீழே ஓர் இடத்தின் பெயர், அதற்கும் கீழே நான்கு வரி வரலாறு. வரலாறு நான் எழுதியது. "எட்டாம் நம்பர்காரரு எப்பத் தவறுனாருன்னு பால்காரர் கேக்குறாரு" என்றாள் ஒரு நாள். பால்காரர் அப்படிக் கேட்டிருக்க மாட்டார் என்பது என் சந்தேகம். வீட்டில் நகைச்சுவை எழுதுகிறவன் நான் என்றாலும், அது வருகிற இடம் வேறு.

இது தொடங்கியது வண்டியூர்த் தெப்பக்குளத்தில். மதுரையில் எனக்கு அலுவலக வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுவலக நண்பர் என்னை மரபு நடை ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போனார். தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக முப்பது பேர் குளத்தைச் சுற்றி நடந்தார்கள். ஒரு படிக்கல்லுக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றார்கள். இருபது வருடமாகப் பேருந்து ஜன்னல் வழியாக நான் பார்த்துவரும் குளம் அது. குளம் கண்ணில் பட்டால் இறங்குவதற்கு எழுந்துகொள்ள வேண்டும் என்பதைத் தவிர அதைப் பற்றி எனக்கு வேறெதுவும் தெரியாது. அன்று வீடு திரும்பும்போது ஒரே யோசனை: நம் ஊரில் இல்லாத கல்லா?

எங்கள் ஊர் மேலூருக்கும் கொட்டாம்பட்டிக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. பெரிய கண்மாய் ஒன்று. கண்மாயின் மடையில் யாரும் வாசிக்காத கல்வெட்டு. வழிப்போக்கர்களுக்குக் கட்டிய சத்திரம், இப்போது அதில் ரேஷன் அரிசி. தலைச்சுமையை இறக்கி வைக்க நட்ட சுமைதாங்கிக் கல், இப்போது அதில் சாய்ந்து பையன்கள் செல்போன் பார்க்கிறார்கள். சந்தைத் திடல், பள்ளிவாசல், கூரை போன சினிமாக் கொட்டகை. நான்கு மாதம் நோட்டும் கையுமாக அலைந்தேன். எந்த வீட்டில் பெண் பார்க்க வந்திருக்கிறேன் என்று தெருவுக்கு ஒருவராகக் கேட்டார்கள்; எனக்கு வயது ஐம்பத்து மூன்று.

வரைபடமும் நானே வரைந்தேன். பேருந்து நிறுத்தத்தில் ஒன்றாம் எண், அங்கிருந்து நிழல் உள்ள பக்கமாகவே போய், கண்மாய்க்கரையில் ஒன்பதாம் எண். வெயிலுக்கு ஏற்ற வழி. கல் குவாரி வைத்திருக்கும் உறவுக்காரர் ஒருவர் ஒடிசலான பலகைக் கற்களைக் கொடுத்தார். மேலூர்க் கல்தச்சர் எழுத்து வெட்டினார். ஊராட்சித் தலைவர் எனக்குப் பள்ளித் தோழர். "ஊருக்குப் பேரு வந்தாச் சரி மாப்ள" என்று சொல்லிவிட்டு ஊர் கூடும் மந்தையில் கூட்டம் போட்டார். கல் நட ஊர் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்துச் சால்வைக்குத் தோதான சட்டை போட்டுப் போனேன்.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் செய்யக் கூடாத தவறை நான் செய்திருந்தேன். தெருக்களுக்கு எண் போட்டிருந்தேன். கிடா வெட்டில் எந்தத் தெருவுக்கு முதல் தட்டு, திருவிழாவில் எந்தத் தெருவுக்கு முதல் திருநீறு என்பதற்காகப் பேச்சுவார்த்தை நடத்தியே ஓய்வுபெற்ற தாசில்தார்கள் உண்டு. அதை நான் நிழலைப் பார்த்துத் தீர்த்து வைத்துவிட்டேன்.

மேலத்தெருவிலிருந்து ஒருவர் எழுந்தார். கண்மாய்ப் பாசனத்தில் நிறைய நிலம் உள்ளவர். சத்தம் போட மாட்டார், அதுதான் பயம்.

"எழுத்தாளரே, எங்க தெருவுக்கு எத்தனாம் நம்பரு?"

"ஆறுங்கண்ணே."

"வடக்குத்தெருவுக்கு?"

"ரெண்டு."

"ஓஹோ."

வடக்குத்தெருக்காரர்கள் இரண்டில் திருப்தி அடைந்தார்களா என்றால் அதுவும் இல்லை. "ஒண்ணாம் நம்பரு பஸ் ஸ்டாப்புக்கா? பஸ் ஸ்டாப்பு எந்தக் காலத்துல மரியாதை வாங்குச்சு?" என்றார் ஒருவர். நான் எழுந்து, இதற்கும் மரியாதைக்கும் சம்பந்தமில்லை, வெறும் வரிசை எண் என்று விளக்கினேன். வரிசைதான் மரியாதை என்று எனக்குத் தெரியாதது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தலைவர் என் காதருகே குனிந்து, "மாப்ள, கல்ல வீட்டுலயே வையி. கொஞ்ச நாளைக்கு வெளியவும் வராத" என்றார்.

வெளியே வராமல் இருப்பது எழுத்தாளனுக்குப் பழக்கம்தான். ஆனால் கொல்லைக்குப் போனால் கற்கள், வாசலுக்கு வந்தால் மனைவி. இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் கண்மாயிலிருந்து இறங்கும் வாய்க்கால் கரையோடு நடக்கப் போனேன். நூறு நாள் வேலைப் பெண்கள் வாய்க்காலில் முழங்கால் சேற்றில் நின்று கோரையை அரிந்துகொண்டிருந்தார்கள். கரையில் செல்போனும் கையுமாக நின்றிருந்தவள் அவர்களுடைய பொறுப்பாளர். நாற்பது வயதிருக்கும். காலையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து வருகைப்பதிவு ஏற்றுவது அவள் வேலை. படத்தில் கண் மூடியவர்களைத் திட்டி மறுபடி நிறுத்துவாள்.

"என்னண்ணே, கல்லம்புட்டையும் வீட்டுலயே நட்டுட்டீகளாமே?" என்றாள். கீழே சேற்றில் சிரிப்பு.

"அதை ஏம்மா கேக்குற. ஆளாளுக்கு எங்க நம்பரு, எங்க நம்பருங்குறாங்க."

"நானுங் கேக்கத்தாண்ணே நெனச்சேன். எங்க தெருவுக்கு எத்தனாம் நம்பரு?"

சட்டைப்பையிலிருந்து வரைபடத்தை எடுத்தேன். எங்கே போனாலும் அதோடுதான் போவேன், அப்படிப்பட்ட காலம் அது. அவளுடைய தெரு வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் முடியும் கடைமடையில் இருக்கிறது. அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீடுகள். விரித்துப் பார்த்தேன். பாலத்தோடு ஊர் முடிந்திருந்தது. அதற்கு அப்பால், காலியாக இருக்கிறதே என்று வடக்கைக் காட்டும் ஓர் அம்பும், அதன் மேல் தோகை விரித்த ஒரு மயிலும் வரைந்திருந்தேன்.

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வரைபடத்தை வாங்கிப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள்.

"மயிலு நல்லாருக்குண்ணே" என்றாள்.

பல வருடமாக விமர்சகர்களிடம் வாங்கியிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக வாங்கியதில்லை. அங்கே பழையது எதுவும் இல்லை என்று நினைத்துவிட்டேன் என்று முனகினேன். அது பொய்கூட இல்லை, அதைவிட மோசம். நான்கு மாதத்தில் ஒரு நாளும் பாலத்தைத் தாண்டவில்லை என்பதுதான் உண்மை.

"பழசு எதுவும் இல்லியா? வாங்க" என்று செல்போனை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு நடந்தாள்.

தெருவைக் கடந்து, வாய்க்கால் கடைசி வயலுக்குள் போய்ச் சேரும் இடத்தில் ஒரு கல் நின்றது. என் தொடை உயரம். அதில் குறுக்காக மூன்று வெட்டு. கீழ் இரண்டும் பாசி பிடித்து, மேல் வெட்டு மட்டும் வெள்ளையாக.

"தண்ணி மொத மேல் வயலுக்குப் பாயும். அப்பிடியே ஒவ்வொரு தெரு நெலமா எறங்கி இங்கன வரும். இந்த மூணாம் வெட்டு நனஞ்சாத்தான் மேல இருக்குறவுக ரெண்டாந் தண்ணி பாய்க்கலாம். நனையாம யாரும் மடையத் தொடக் கூடாது. முன்னெல்லாம் எங்காளுக இங்கன நின்னு 'நனஞ்சிருச்சு'ன்னு சத்தங் குடுப்பாக. வயலுக்கு வயலு சத்தம் மாறி மேல வரைக்கும் போகும். இப்ப நாந்தேன் பாசன வாட்ஸப் குரூப்புல வாய்ஸ் போடுறேன்."

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். சிறு வயதில் எங்கள் வயலில் நிற்கும்போது கீழேயிருந்து வரும். "நனஞ்சிருச்சு" என்று நானும் மேலே பார்த்துக் கத்தியிருக்கிறேன், விளையாட்டாக. முதலில் சொல்வது யார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. மொத்த ஊரும் காத்திருக்கிற சொல் ஒன்று ஒவ்வொரு பாசனத்துக்கும் புறப்பட்ட இடத்தில்தான் நான் மயிலை உட்கார வைத்திருக்கிறேன்.

"தண்ணி போற வழியவே போடுங்களேண்ணே" என்றாள். "மடையில ஆரம்பிச்சு இங்கன முடிங்க. தண்ணி மேலருந்து கீழ வருதுன்னு யாரு கோவிக்கப் போறா? நம்பரே வேணாம்."

நான்கு மாத ஆராய்ச்சியில் எனக்குக் கிடைக்காதது நான்கு வாக்கியத்தில் கிடைத்துவிட்டது. சத்திரம், சுமைதாங்கி, பள்ளிவாசல், சந்தை எல்லாமே வாய்க்காலிலிருந்து கல்லெறியும் தூரம்தான். தண்ணீரைப் பார்த்துத்தானே ஊரையே கட்டியிருக்கிறார்கள். நான் உற்சாகமாகி, இந்தப் பழைய கல்லையே பத்தாவதாக வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"அதென்னண்ணே, எல்லாத் தெருவுக்கும் பளபளன்னு கல்லு, எங்களுக்கு மட்டும் பழசே போதுமா?"

"இல்ல இல்ல, வெட்டிரலாம்."

"இன்னொண்ணு" என்றாள். இப்போது அவள் முகத்தில் கேலி இல்லை. "கல்ல நட்டுட்டு, நடக்க வாறவுக பாலத்தோட திரும்பிட்டாகன்னு வைங்க, அது இப்ப இருக்கறத விடக் கேவலம். எங்க பிள்ளைக பாத்துக்கிட்டு நிக்கும். வர மாட்டாகன்னு தோணுச்சுன்னா இப்பவே சொல்லிருங்க. மயிலே இருந்துட்டுப் போகட்டும்."

வருவார்கள் என்று சொன்னேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

இரண்டாவது மந்தைக் கூட்டத்தில் தண்ணீர் வழிக்கு மறுப்பு எதுவும் வரவில்லை. ஆனால் மேலத்தெருக்காரர், "எல்லாஞ் சரி. பாலத்தோட முடிச்சுக்குவமே, வெளியூர்க்காரக வெயில்ல எம்புட்டுத் தூரம் நடப்பாக?" என்றார். வெயில் மீது அவருக்கு இவ்வளவு அக்கறை என்று அன்றுதான் தெரிந்தது. கூட்டத்தின் ஓரத்தில் அவள் நின்றிருந்தாள். நான் எழுந்தேன். குரல் பதினைந்து வயதுப் பையனுடையதுபோல உடைந்தது. "பாலத்தோட நின்னுட்டா நனஞ்சிருச்சுன்னு யாருண்ணே சொல்றது?" என்றேன். தலைவர் தொண்டையைச் செருமி, "அப்பக் கல்ல நட்டுருவோம்" என்றார். ஊருக்குள் நான் பேசி ஒருவர் கேட்டது அதுவே முதல் தடவை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை குரல் உடைந்ததை விட்டுவிட்டேன்.

கல்தச்சர் வந்து ஒன்பது எண்களையும் செதுக்கி எடுத்தார். "எழுதுறத விட அழிக்கிறதுதாண்ணே வேல. ஒங்களுக்குத் தெரியாததா?" என்றார். எண் இருந்த இடத்தில் ஆளுக்கொரு பள்ளம் விழுந்தது. சந்தைத் திடல் கல்லின் பள்ளத்தில் இப்போது வெற்றிலை போடுகிறவர்கள் சுண்ணாம்பு வைத்துக்கொள்கிறார்கள். பத்தாவதாக வெட்டியதில் எண் போடவே இல்லை. தழும்பு இல்லாத கல் அது ஒன்றுதான்.

முதல் நடை, கண்மாய் திறந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை. மதுரையிலிருந்து தொப்பிக்காரர்கள் பன்னிரண்டு பேர். மடையில் தொடங்கும்போது ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர்தான். ஆனால் பக்கத்தில் வாய்க்கால் ஓட ஓட, அதில் தண்ணீர் கூடுவதுபோல ஒவ்வொரு தெருவிலும் ஆள் கூடியது. சத்திரத்தில் நான் எழுதிய நான்கு வரியை ஒருவர் உரக்கப் படித்து, "மூணாவது வரி தப்பு" என்றார். சுமைதாங்கியில் என்னைப் பேசவே விடவில்லை. ஒரு வழிகாட்டிக்கு இதைவிடப் பெருமை கிடையாது என்று பின்னால் வந்துகொண்டே நினைத்தேன்.

பாலம் வந்தது. வெயில் ஏறியிருந்தது. கூட்டம் தானாக நின்றது. யாரோ வேட்டியை அவிழ்த்துக் கட்டினார்கள், யாரோ டீக்கடை எங்கே என்றார்கள். அந்தப் பக்கம், தெரு முனையில், அவள் செல்போனோடு நின்றிருந்தாள். பின்னால் அவள் தெருக்காரர்கள், பிள்ளைகள். அவள் கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டாள் என்று எனக்குத் தெரியும். நான் ஏதாவது பேச வேண்டும்.

அப்போது மேலத்தெருக்காரர் வாய்க்காலை எட்டிப் பார்த்தார். தண்ணீர் பாலத்துக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, மூணாம் வெட்டு தொட்டுருச்சா?" என்று இங்கிருந்தே கேட்டார்.

"நீங்களே வந்து பாருங்கய்யா" என்றாள்.

இரண்டாம் தண்ணீருக்குக் காத்திருக்கிறவர் என்ன செய்வார்? பாலத்தில் ஏறினார். அவர் போனால் வடக்குத்தெருக்காரர் சும்மா இருப்பாரா? மொத்த ஊருக்கும் வயல் இருந்தது. நான் நான்கு மாதம் எழுதிய வரலாறு நகர்த்தாத ஆட்களை ஒரு விரற்கடைத் தண்ணீர் நகர்த்தியது. தொப்பிக்காரர்கள் இதுவும் சடங்கு என்று நினைத்து மிகுந்த பயபக்தியோடு பின்னால் போனார்கள்.

பழைய கல்லைச் சுற்றி எல்லோரும் குனிந்து நின்றோம். தண்ணீர் மேல் வெட்டுக்குக் கீழே தயங்கியது, ஏறியது, உள்ளே நுழைந்தது. வெள்ளையாக இருந்த வெட்டு கறுத்தது.

"நிமிருங்க, எல்லாரும் வரிசையா நில்லுங்க" என்றாள் அவள். வருகைப்பதிவுப் பழக்கம். மேலத்தெருக்காரரும் தலைவரும் நானும் அவள் தெருப் பிள்ளைகளுக்கு நடுவே நின்றோம். "எழுத்தாளரண்ணே, கண்ண மூடாதீக" என்று திட்டி மறுபடி எடுத்தாள். பிறகு செல்போனை வாயருகே கொண்டுபோய், "நனஞ்சிருச்சு. எல்லாரும் இங்கனதேன் நிக்கிறாக" என்றாள்.

ஒரு நொடி கழித்து அங்கே நின்ற அத்தனை சட்டைப் பைகளும் ஒன்றாக மணியடித்தன.

புதிய வரைபடம் அச்சாகிவிட்டது. அந்த மயிலுக்கு வேறு இடம் தேட வேண்டியிருந்தது. ஊரில் பார்க்க எதுவும் இல்லாத இடம் எது என்று யோசித்து எங்கள் வீட்டின் மேல் உட்கார வைத்தேன். மனைவி நிதானமாகப் பார்த்துவிட்டு, பொருத்தமாக இருக்கிறது என்றாள். கொல்லையில் இப்போது துணி காய்கிறது.