பன்னெண்டு வீடும் என் வாயும்

அடுத்தவங்க வீட்டை வரையிற தொழில்ல ஒரு பெரிய சுகம் உண்டு: அதுல நாம குடியிருக்க வேண்டாம்.

ஆர்க்கிடெக்சர் படிச்சுக் கெட்டுப்போன சக பாவிகளே, கேளுங்க. கொச்சி மட்டாஞ்சேரியில ஒரு பழைய கிடங்குக்குப் பின்னாடி பன்னெண்டு ஒத்தை ரூம் வீடு. அதை இடிச்சிட்டு, அங்க இருக்கறவங்களுக்கே குறைஞ்ச செலவுல ஃபிளாட் கட்டறதா கார்ப்பரேஷன்ல முடிவாச்சு. பிளான் வரையிற வேலை எங்க காலேஜுக்கு வந்துச்சு. கிளாஸ்ல அதிகமா சண்டை போடறவ நான்தான்னு என் தலையில கட்டிட்டாங்க.

மேசை

முந்நூறு சதுர அடிக்குள்ள நாலு நாற்காலியோட சாப்பாட்டு மேசை போட்டேன். குடும்பம் ஒண்ணா உட்கார்ந்து பேசிச் சாப்பிடணுமாம். எங்க வீட்ல ஆளுக்கொரு மூலையில போனைப் பார்த்துக்கிட்டுதான் திங்கறோம், அது வேற விஷயம். அந்தப் பன்னெண்டு ரூம்ல ஒண்ணு தள்ளுவண்டியில பழம்பொரி விக்கிற ரம்லத் இத்தாவோடது, உள்ள ஏழு பேரு. இத்தா என் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க.

"மேசைக்கு வீடு கிடைச்சாச்சு. இனி எங்களுக்கு எங்கே மோளே?"

காத்து

ஃபேன் போடாமலே காத்து வரணும்னு மேற்குச் சுவர் முழுக்க ஓட்டைச் செங்கல் வெச்சேன். அட்டையில மாடல் செஞ்சு, கடல்காத்து எப்படி நுழையும்னு கையை ஆட்டி அரை மணி நேரம் லெக்சர். இத்தா மக்குல தண்ணி எடுத்து மாடலோட மேற்குப் பக்கம் வீசினாங்க. மூணு நாள் உழைப்பு பப்படம் மாதிரி நமுத்துப் போச்சு. நான் கத்தினேன். அவங்க மக்கைக் கவுத்து வெச்சாங்க.

"இடவப்பாதி மழை மேலேருந்து விழாது மோளே, கடல்லேருந்து படுத்துக்கிட்டே வரும்."

தரைத்தளம்

இத்தாவுக்குப் பக்கத்து ரூம் காசிம் இக்கா, கிடங்குல சுமடு தூக்கி முதுகு போனவர். இப்போ சக்கர நாற்காலி. அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், அந்த ரூமை விட்டு வெளிய வரணும். ப்ரொஃபசர் அவரை மூணாவது மாடியில போட்டு, "லிஃப்ட் இருக்கே"ன்னார். "கெட்டுப்போனா நீங்க தூக்குவீங்களா சார்?"னு மேசையைத் தட்டினேன். கிளாஸே கை தட்டுச்சு. தரைத்தளத்து வீட்டை இக்காவுக்கு ஜெயிச்சுக்கிட்டு, சொல்ல ஓடினேன்.

இக்கா ரூம்ல கால் வெச்சா கணுக்கால் வரைக்கும் உப்புத்தண்ணி. அமாவாசை, பௌர்ணமின்னா வேலியேற்றம்ங்கற கடல் ஏத்தத்துல காயல் பொங்கி, ஓடை வழியா உள்ள ஏறுமாம். கட்டிலைச் செங்கல் மேல தூக்கி வெச்சிருக்கறதே அதுக்குத்தான். அந்தச் செங்கல்லை நான் அளந்து நோட்ல எழுதியிருக்கேன். எதுக்குன்னு கேட்கத்தான் தோணலை. பக்கத்துச் சுள்ளிக்கல் ஏரியால மாடி வீட்ல வளர்ந்த அறிவு. இக்கா கட்டில்ல இருந்தபடியே சிரிச்சார்.

"அவ்வளவு சண்டை போட்டு எனக்கு இதையே திரும்ப வாங்கிக் கொடுத்துட்டே, இல்லையா?"

சரிவு

திரும்ப வரைஞ்சேன். கீழே வெறும் தூண், தண்ணி வந்து போகட்டும். வீடெல்லாம் ஒரு மாடி மேல. இக்காவுக்கு முதல் மாடி. நாற்காலி ஏற சாய்வுப் பாதை. ஒரு அடி ஏற பன்னெண்டு அடி நீளம் வேணும், பத்து அடிக்கு நூத்தி இருபது, அதை நாலா மடிச்சேன். இடத்துக்காக நடுமுற்றத்துல நான் ஆசையா வெச்ச தாமரைக் குளம் போச்சு. கடல் வீட்டுக்குள்ள வர்ற ஊர்ல குளம் வெட்டின மேதை நான்.

கடைசிக் கூட்டத்துல கார்ப்பரேஷன் இன்ஜினியர் அந்தப் பாதை மேல சிவப்புக் கோடு கிழிச்சார். "ஒரு ஆளுக்காக இவ்வளவு கான்கிரீட்டா?" நான் பொங்கறதுக்குள்ள ரம்லத் இத்தா எழுந்துட்டாங்க. "ஒரு ஆளா? என் தள்ளுவண்டி ஏறும். கேஸ் சிலிண்டர் ஏறும். செத்தா மய்யித்து இறங்கும். சாரை மட்டும் படியில இறக்குவாங்களோ?" பன்னெண்டு வீட்டுக்காரங்களும் கை தூக்கினாங்க. இன்ஜினியர் தன் கோட்டைத் தானே அழிச்சார். நான் மனப்பாடம் பண்ணி வெச்சிருந்த பேச்சுக்கு வேலையே இல்லாம போச்சு.

இக்கா பிளான் மேல விரலை வெச்சு, நாலு மடிப்பையும் மெதுவா ஏறி, தன் வீட்டு வாசல்ல நிறுத்தினார். அழுவார்னு நான் டிஷ்யூவோட நின்னேன்.

"திருப்பத்துக்குத் திருப்பம் மூச்சு வாங்க நிக்கணுமே மோளே, அங்க ஒரு சாயாக்கடை போடக்கூடாதா?"

அஞ்சு வருஷம் படிச்சுக் கோடு கோடா வரைஞ்சதுல, நான் பேச வாய்ப்பே கிடைக்காத அந்த அஞ்சு நிமிஷத்துலதான் ஒரு மனுஷனுக்கு வீடு வந்துச்சு.